மல்லாந்து கிடப்பவர்களுக்கு

தோட்டப்பாளையத்தில் மாடி அறையை
நாள் வாடகைக்கு விடுகிறவள் நான்.
வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்காக வருகிறவர்கள்.
ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன், பார்க்கவில்லை.
சுவருக்கு ரோஜா நிறம் அடித்தேன், பார்க்கவில்லை.
மல்லாந்து கிடக்கிறவருக்கு
மேலே இருப்பதுதான் வீடு.

இது எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆயிற்று,
குளியலறையில் ஒரு வழுக்கல்,
அதே கட்டிலில் பதினோரு நாள்.
அப்போதுதான் அந்தத் தளத்தைப் பார்த்தேன்.
சீ.

பேரணாம்பட்டு இர்ஷாத் வந்தான்.
பத்தடியில் ஏழு அங்குலம் போய்விடும் என்றான்.
போகட்டும்,
உயரத்துக்காக யாரும் இங்கே தங்கவில்லை.
"அக்கா, மேல ஒழுகல் இருக்கு.
மொதல்ல அதப் பாக்கணும்."
மே மாதம். கொடியில் போட்ட துணி
கிளிப் மாட்டுவதற்குள் காய்கிற வெயில்.
மழைக்கு நான் எங்கேடா போவேன் என்றேன்.

ட்யூப்பில் தண்ணீர் பிடித்து
இந்தச் சுவரில் ஒரு முனை, அந்தச் சுவரில் ஒரு முனை.
மாமனார் கட்டிய வீடு
கிழக்கே முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று
ஒன்றரை டம்ளர் தண்ணீர் சொன்னது.
இவர் ஒப்பவில்லை, திரும்பப் பிடி என்றார்.
தண்ணீர் திரும்பவும் அதையே சொன்னது.

போனில் படம் படமாகக் காட்டினான் இர்ஷாத்:
தாமரை, விமானம், கிட்டார் மாதிரி ஒன்று.
எனக்குப் படிகள் போதும்.
ஓரத்தில் ஒரு சுற்று, அதற்குள் ஒரு சுற்று,
அதற்கும் உள்ளே ஒன்று,
கோயில் குளத்தைக் கவிழ்த்து மாட்டியது போல.
விளக்கு நீலம் வேண்டாம்,
நீலத்தை அவர்கள் அங்கேயே பார்த்திருப்பார்கள்.

ஜிப்சம் பலகையை அவன் தலையால் முட்டுக் கொடுத்தான்,
நான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன்.
நாலாம் நாள் ட்ரில்லை நானே வாங்கிக்கொண்டேன்.
இணைப்புகளில் டேப் ஒட்டி, பட்டி பூசி,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில்
மூக்குத்தித் திருகுவரை வெள்ளை.
ஃபேனுக்குப் பக்கத்தில், ஒயர் பார்க்க
ஒரு முழச் சதுரத்தில் சின்னக் கதவு.
நாற்பத்திரண்டாயிரம்.
அன்று ராத்திரி வாடகை இல்லாத அறையில்
நாங்கள் இருவரும் படுத்துப் பார்த்தோம்.
இவர் ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை.
அப்புறம், "நல்லாத்தான் இருக்கு" என்றார்,
தோற்றுப்போனவர் மாதிரி.

டிசம்பரில் சுபல் மண்டல் வந்தார்.
மால்டாக்காரர், போன வருஷம்
ஐம்பத்து மூன்று நாள் அந்தக் கட்டிலில் கிடந்தவர்.
இப்போது செக்கப். மாடிப்படி தானாகவே ஏறினார்.
அறைக்குள் போனவர்
பையைக் கீழே வைக்காமல் மேலே பார்த்தார்.
நான் சுவிட்சைப் போட்டேன்,
மூன்று அடுக்கிலும் மஞ்சள் வெளிச்சம் வழிந்தது.
"தீதி, நொதி எங்கே?"

நொதி என்றால் எனக்கு இட்லி மாவு.
கையை வளைத்து வளைத்துக் காட்டினார்,
அலமாரிக்கு மேலே தொடங்கி
ஃபேனுக்கு இந்தப் பக்கம் திரும்பி
கதவு நிலையில் முடியும் ஒன்றை.
ஒழுகிய கறை.
மகாநந்தா என்றார்.
வளைவில் தன் வீடு இருப்பதாக
சுண்ணாம்பு பெயர்ந்த ஓர் இடத்தைக் காற்றில் தொட்டார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.
ஸ்டூலை இழுத்துப் போட்டுச்
சின்னக் கதவைத் தள்ளித் திறந்தேன்.
போன வருஷம் ஸ்பூன் பிடிக்க முடியாதவர்
ஸ்டூல்மேல் ஏறினார்.
போன் டார்ச்சோடு
தலை உள்ளே போயிற்று, தோள்வரை போயிற்று.
செருப்பில்லாத இரண்டு கால்கள் மட்டும்
அறையில் நின்றன.

உள்ளிருந்து சிரிப்பு கேட்டது.
குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:
"பெருசு ஆச்சு, தீதி.
புதுசா ஒன்னு பிரியுது.
தண்ணி... இப்பவும் இருக்கு."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே
இர்ஷாத் நம்பரைத் தேடினேன்.
"இறங்குங்க" என்று சொல்ல வாயெடுத்து,
சொல்லவில்லை.